ஜோடி சேராத கேரட் தலை

என் நாத்தனாரை எல்லோரும் ஒருவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் செய்கிற பலகாரம் எதுவும் ஒரு வாய்க்கு மேல் இருக்காது. அதனால் வந்த பெயர். கஞ்சத்தனம் என்று சிலர் சொன்னார்கள். அழகுக்காகச் செய்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். இரண்டு தரப்பாரும் அவள் பக்கத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அவள் பயந்துபோய்ச் சின்னதாகச் செய்தாள். இதை யார் மறுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று மதியம் என் தட்டில் ரொட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் என் ரொட்டியை எடுத்தாள், விரல்நுனி அளவுக்குப் பிய்த்துத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். பிறகு என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழுங்கும்போதெல்லாம் அவள் தொண்டையும் ஏறி இறங்கியது.

"என்ன பார்க்கற?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணி. இறங்கிடுச்சான்னு பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்ன பிறகு சிரிப்பு போய்விட்டது. அவள் இன்னும் சின்னவளாக இருந்தபோது ஒரு விடுமுறைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருக்கிறார்கள். அவளுடைய அப்பா வாய் நிறையப் பலகாரத்தை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கதைக்குச் சிரித்திருக்கிறார். அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவர் எழுந்து நின்று மேசையைப் பிடித்தார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. எல்லோரும் அவர் இன்னும் சிரிக்கிறார் என்று நினைத்துக் கூடவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சிரிக்காதது இந்தக் குழந்தை மட்டும்தான். யாரோ ஒருவர் கடைசியில் புரிந்துகொண்டு முதுகில் அறைந்தார், பலகாரம் வெளியே வந்து விழுந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். மறுநாளே பழையபடி வாய் நிறையத் தின்ன ஆரம்பித்துவிட்டார். பயம் மட்டும் மகளிடம் வந்து தங்கிவிட்டது. போகவே இல்லை.

என் வீட்டுக்காரர் அப்பாவைக் கொண்டு பிறந்தவர். அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் தபால்பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரி இருக்கும். உள்ளே போவதுதான் தெரியும், மெல்லுவது தெரியாது. அவர் சாப்பிட உட்கார்ந்தால் தங்கச்சிக்காரி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"நீ அங்க நின்னா எனக்குத் தொண்டையில நிக்குதுடி," என்பார்.

"நிக்குதா?" என்று உடனே தண்ணீரோடு ஓடி வருவாள். அவளிடம் விளையாட்டுப் பேச்சு எடுபடாது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தையல்காரரைக் கட்டிவைத்தார்கள். நல்ல மனுஷன். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தையல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, வேலை செய்யும்போது குண்டூசிகளை உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொள்வார்கள். கல்யாணமான மறுவாரம் அவள் மாடிப்படி ஏறி என் சமையலறைக்கு வந்தாள். பேயறைந்த மாதிரி இருந்தாள்.

"அண்ணி, அவர் வாய்ல ஊசி வச்சிருக்கார்."

"தையக்காரர்னா வைக்கத்தான் செய்வார்."

"தும்மினா?"

அதற்குப் பிறகு நானும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் தும்மிவிடக் கூடாதே என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். ஊசி குத்திவைக்க அவள் பஞ்சு அடைத்து ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொடுத்தாள். அவர் அதை மேசையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊசியை வாயிலேயே வைத்துக்கொண்டார். கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்வி கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பாள். வாயைத் திறந்து பதில் சொன்னால் சரி. உதட்டைத் திறக்காமல் "ம்" என்றால் ஊசி இருக்கிறது என்று அர்த்தம். உடனே அவர் தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டி, "துப்புங்க," என்பாள். அவரும் சமர்த்துப் பிள்ளையாகத் துப்புவார். அவர்கள் குடும்பம் நடத்தியதே அப்படித்தான்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பிசிறு எதுவும் நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்குப் பொறுக்காது. கழுத்தில் கயிறு கட்டிச் சின்னக் கத்தரி ஒன்று எப்போதும் தொங்கும். வழியில் போகிறவர் சட்டைக்கையில் நூல் தொங்கினால்கூட நிறுத்தி, "ஒரு நிமிஷம் சார்," என்று நறுக்கிவிட்டுத்தான் அனுப்புவார். எங்கள் வீட்டுப் பூனை அவரைக் கண்டால் மீசையை மறைத்துக்கொண்டு ஓடும். இதை நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அவர்கள் கீழ்வீட்டில், நாங்கள் மாடியில். என் மகளின் பிறந்தநாளுக்குத்தான் முதன்முதலில் அவள் பலகாரம் வெளியாட்கள் வாய்க்குப் போனது. ரொட்டித் துண்டின் ஓரத்தை அரிந்துவிட்டு, மருந்துப் புட்டி மூடியால் வட்டமாக வெட்டி, மேலே கெட்டித் தயிரும் வெள்ளரிக்காயும். அவித்த முட்டையின் மஞ்சள்கருவை வெண்ணெயில் குழைத்துத் திரும்ப வெள்ளையிலேயே நிரப்பியது. வறண்ட மஞ்சள்கரு தொண்டையை அடைக்கும் என்பது அவள் கவலை. திராட்சையை நெடுக்குவாட்டில் கீறித்தான் வைப்பாள், முழுசாக ஒரு பழம் ஒரு குழந்தை கைக்குப் போகாது. வந்தவர்களுக்கு அவள் கவலை ஒன்றும் தெரியாது. ஒரு கையில் காப்பிக் கோப்பை, மறு கையில் ஒரு வாய்ப் பலகாரம், நின்றபடியே தின்னலாம், கை ஒட்டாது. பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் கேட்டார்கள். விடுமுறைக் காலம் வந்தால் கீழ்வீட்டு அடுப்பு அணையாது.

எல்லாவற்றிலும் பெயர் வாங்கியது சுருள்தான். மாவை மெல்லிசாகத் தேய்த்து, கல்லில் போட்டெடுத்து, உள்ளே மசித்த உருளைக்கிழங்கும் சீஸும் வைத்துச் சுருட்டி, கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டுவாள். காரம் தின்பவர்களுக்குப் புதினாவும் மிளகாயும் அரைத்துச் சேர்த்தது ஒரு வகை, குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் காரமில்லாதது ஒரு வகை. ஆனால் சுருள் சொன்ன பேச்சு கேட்காது, பிரிந்துகொள்ளும். அதைப் பிடித்துவைக்கப் பல்குத்தும் குச்சி வேண்டும். குச்சியா, தின்கிற பண்டத்துக்குள்ளா என்று அவள் பல நாள் தூங்கவில்லை. பிறகு குச்சிக்குத் தொப்பி போட்டாள். காரச் சுருளின் குச்சித் தலையில் ஒரு துண்டு வெள்ளரிக்காய், காரமில்லாததற்கு ஒரு துண்டு கேரட். தொப்பி உயரமாக நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கைக்குத் தட்டுப்படும். தொப்பியைப் பிடித்து இழுத்தால் குச்சி முழுசாக வந்துவிடும். இத்தனைக்கும் பிறகு ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துத் தானே தின்றுபார்த்து, கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பை விட்டு நகர்வாள்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்தது அட்டைப்பெட்டி ஆலையில். ஆண்டு விடுமுறைக்கு ஆலையை மூடுகிற நாளில் தொழிலாளிகள், குடும்பங்கள், மேலாளர் வீட்டார் எல்லோரும் ஒன்றாகக் கூடி டீ குடித்துக் கலைவார்கள். அந்த வருஷம் பலகாரம் ஒருவாயிடம் சொல்லியிருந்தார்கள். வழக்கமாக அவள் ஆழமான தகர டப்பாக்களில் அடுக்கி அனுப்புவாள். ஆலைக்காரர்கள், எங்கள் ஆலைப் பெட்டியிலேயே வரட்டும், பார்க்க நன்றாக இருக்கும் என்று புதுப் பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார்கள். பளபளப்பாக இருந்தன. ஆனால் ஆழம் போதாது.

மதியத்துக்குள் எல்லாம் தயார். அவள் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனாள். நான் மாடியில் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன், குடும்பத்தார் என்ற முறையில் எனக்கும் கூட்டத்துக்கு அழைப்பு உண்டு. அதற்குள் ஆலை வேன் வந்துவிட்டது. தையல்காரர் பெட்டிகளை ஏற்றி அனுப்பிவிட்டார்.

நான் கீழே இறங்கியபோது ஒருவாய் ஈரத்தலையோடு சமையலறை மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேசையில் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் ஒரு குவியல். கேரட் துண்டுகளும் வெள்ளரித் துண்டுகளும், ஒவ்வொன்றின் அடியிலும் அரைக் குச்சி. கத்தரித்த நுனி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு புரிந்தது.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். திரும்பக் கூப்பிட்டாள். தையல்காரர் முன்னறையிலிருந்து வந்தார்.

"இது என்ன?"

"மூடி மூடல," என்றார் அவர். "இந்தத் தொப்பியெல்லாம் துருத்திக்கிட்டு நின்னுது. அதான் சமமா வெட்டி விட்டேன். ஒரு சுருள்கூட நசுங்கல பாரு."

"எல்லாத்தையுமா?"

"பாதி வெட்டிப் பாதி விட்டா நல்லாவா இருக்கும்?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா அன்றைக்கு மேசையைப் பிடித்தாரே, அப்படி. கேரட் குச்சிகள் எல்லாம் கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் போனவை. தலை இல்லாத அரைக் குச்சி சீஸுக்குள் புதைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. இரண்டு பக்கமும் கூர்.

"அண்ணாவக் கூப்பிடுங்க அண்ணி. அண்ணா மெல்ல மாட்டானே."

நான் கைபேசியில் கூப்பிட்டேன். மாடியில், என் சமையலறை அலமாரியில் அவர் கைபேசி ஒலித்தது. மனுஷன் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆலை நம்பருக்கு அடித்தோம், யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் கூடத்தில் இருப்பார்கள்.

அவள்தான் முதலில் அசைந்தாள். ஏப்ரனை எடுத்துக் கட்டினாள், குவியலை அப்படியே வாரி ஏப்ரன் பைக்குள் போட்டாள்.

"ஒண்ணாவது கீழ விழுந்துச்சா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"விழல. நான் வெட்டினா எதுவும் சிதறாது."

அதில் அவருக்குப் பெருமை வேறு.

எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் மூன்று சக்கர வண்டியில் ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய், "தம்பி, வண்டிய எடு," என்றேன். எங்கே என்று கேட்டார். போகிற வழியில் சொல்கிறேன் என்றேன். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் குந்திக்கொண்டோம். வாழ்நாள் முழுக்க வண்டி வளைவில் திரும்பினாலே கண்ணை மூடிக்கொள்பவள், அன்றைக்கு, "இன்னும் வேகமா போங்க," என்றாள். அதைக் கேட்டு எனக்குப் பயம் இரண்டு மடங்கானது.

வழியெல்லாம் அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் முணுமுணுத்தாள். "அவங்க சிரிப்பாங்க அண்ணி. ஒருத்தருக்கு அடைக்கும், மத்தவங்க சிரிப்பாங்க."

ஆலை வாசலில் காவலாளி தடுத்தார். சீருடை போட்ட யாரைக் கண்டாலும் அவள் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள்.

"அழைப்பு காட்டுங்கம்மா."

"நான் இங்க வேலை செய்யறவரோட பொண்டாட்டி," என்று நான் கைப்பையைத் துழாவ ஆரம்பித்தேன். துழாவி நிமிர்ந்தபோது பக்கத்தில் அவள் இல்லை. குறுக்குக் கட்டைக்குக் கீழே குனிந்து புகுந்து ஓடிக்கொண்டிருந்தாள். காவலாளி விசிலை வாயில் வைத்தார். "அதையும் முழுங்கிடாத," என்று சொல்லிவிட்டு நானும் குனிந்து புகுந்தேன். என் வயசுக்கும் உடம்புக்கும் அது சுலபமில்லை.

கூடத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருந்தார். அவர் மேடை ஏறினால் இறங்க மாட்டார் என்று என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் புலம்புவார். அன்றைக்கு அந்த மனுஷன் நீளமாகப் பேசியதற்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பேச்சு முடியாததால் பின்வரிசைகளில் தட்டு போய்ச் சேரவில்லை. ஆனால் முன்மேசைக்குப் போயிருந்தது. மேலாளரின் அம்மா, ஓய்வு பெற்றவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எல்லோர் முன்னாலும் தட்டு இருந்தது. வாய்கள் அசைந்துகொண்டிருந்தன.

நான் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவாய் மேடைக்குப் போய்விட்டாள். மேலாளர் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார். ஈரத்தலை, ஏப்ரன், வெறுங்கால். அவள் அவரைத் தாண்டி ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள்.

"யாரும் முழுங்காதீங்க," என்றாள்.

எங்கோ ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"சுருளுக்குள்ள குச்சி இருக்கு. வெளிய தெரியாது. வாய்ல இருக்கறத கையில எடுங்க. குழந்தைங்க வாயப் பாருங்க. சிரிக்காதீங்க. தயவுசெஞ்சு யாரும் சிரிக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அம்மாக்கள் குழந்தைகளின் வாய்க்குள் விரலை விட்டார்கள். குழந்தைகள் அலறின. அலறுகிற குழந்தைக்குத் தொண்டை அடைக்கவில்லை என்று பிறகு அவள் சொன்னாள். எனக்கு அப்போது அது தெரியாது. நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் மூன்றாவது மேசையில், காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காலித் தட்டு. உதட்டோரத்தில் ஒரு பொட்டு ரத்தம்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எத்தனை தின்னீங்க?" என்றேன்.

"உஷ்," என்றார்.

"என்ன உஷ்? வாயத் திறங்க."

"ஒண்ணுமில்லடி. முதல் சுருளே அண்ணத்துல குத்திச்சு. எடுத்துட்டேன். அப்புறம் ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்துட்டுத்தான் தின்னேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி அரைக் குச்சிகளை எடுத்து மேசைக்குக் கீழே எனக்குக் காட்டினார். "தங்கச்சி பேரு கெட்டுடக்கூடாதுல்ல. அதான் மறைச்சு வச்சேன்."

எனக்கு நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. "அவ பேரக் காப்பாத்தறேன்னு ஊரையே கொல்லப் பார்த்தீங்களா? முதல்ல குத்தினப்பவே எழுந்து சொல்லியிருக்கலாம்ல?"

"மேலாளர் பேசிட்டு இருந்தாரே," என்றார்.

இதற்குள் பெட்டிகள், தட்டுகள் எல்லாம் நடுமேசைக்கு வந்துவிட்டன. ஒருவாய் வெள்ளை விரிப்பின்மேல் தன் ஏப்ரன் பையைக் கவிழ்த்தாள். வெட்டிய தலைகள் எல்லாம் கொட்டின. ஆலைப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றுகொண்டு சுருளைப் பிரித்து, உள்ளே இருக்கிற அரைக் குச்சியை உருவி அவளிடம் கொடுத்தார்கள். அவளுக்கும் எனக்கும் கணக்கு வராது. அதனால் எண்ணவில்லை, ஜோடி சேர்த்தாள். புதினாச் சுருளுக்குள் இருந்த குச்சியில் பச்சை ஏறியிருக்கும். அது வெள்ளரித் தலையோடு சேரும். காரமில்லாத சுருளின் குச்சி வெள்ளையாகவே இருக்கும். அது கேரட் தலையோடு. தலைக்கு ஒரு கால், காலுக்கு ஒரு தலை. வரிசை வரிசையாக விரிப்பில் படுக்கவைத்தாள். முன்மேசைத் தட்டுகளில் ஒதுக்கிவைத்திருந்த குச்சிகள் வந்தன. ஒரு குழந்தையின் கையிலிருந்து ஒன்று வந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே வந்து தன் சட்டைப் பையைக் காலி செய்தார். எல்லாம் பச்சை. அவர் காரமில்லாததைத் தொடவே மாட்டார்.

குவியல் கரைந்துகொண்டே வந்தது. வெள்ளரித் தலை எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டது. கேரட் தலைகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

கடைசியில் ஒரு கேரட் தலை மிஞ்சியது.

பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. ஆண்கள் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள். மேலாளரும் முழங்காலிட்டுத் தேடினார். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். இல்லை. அந்த ஒரு துண்டு கேரட் வெள்ளை விரிப்பின் நடுவில் தனியாகக் கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்கு முடியவில்லை. இந்தக் கூடத்தில் யாரோ ஒருவருக்குள் அதன் மறுபாதி இருக்கிறது. நம்மைப் போலவே அவரும் நின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ, தனக்குள் இருப்பது தெரியாமல்.

"டாக்டரக் கூப்பிடலாம்," என்றார் மேலாளர்.

"யாருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

ஒருவாய் அந்தக் கேரட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முன்மேசைக்குப் போனாள். காரமில்லாதது அங்கேதான் வைக்கப்பட்டது. ஒவ்வொருவர் முன்னாலும் நின்றாள்.

"ஐயா, சுருள் தின்னீங்களா?"

"தின்னேம்மா. ஒண்ணும் குத்தல."

"அக்கா, நீங்க?"

"நான் இன்னும் தொடவே இல்ல."

அவள் பதிலைக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. வாயைத்தான் பார்த்தாள், எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்று. மேசையின் ஓரத்தில் மேலாளரின் அம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல வயசு. இஸ்திரி போட்ட உடை, மடியில் மடித்த கைக்குட்டை, நிமிர்ந்த முதுகு. முகத்தில் புன்னகை.

"அம்மா, நீங்க சுருள் தின்னீங்களா?"

"ம்," என்றார் அந்த அம்மா.

"காரமில்லாததுதானே?"

"ம்."

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

உதடு திறக்கவே இல்லை. நான் அவள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயசானவர், களைப்பாக இருக்கிறார் என்று நினைத்தேன். ஒருவாய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அந்த அம்மாவின் தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

"துப்புங்க," என்றாள். தன் புருஷனிடம் சொல்கிற அதே குரலில்.

அந்த அம்மா தலையை ஆட்டி மறுத்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. மேலாளர் ஓடி வந்து, "அம்மா, என்னம்மா," என்றார். ஒருவாய் இன்னொரு கையால் அவரைத் தடுத்தாள். அந்த அம்மாவைப் பேசவைக்கக் கூடாது, திடுக்கிடவைக்கக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்கவிடக் கூடாது என்பதெல்லாம் அந்தக் கையில் இருந்தது.

"யாரும் பார்க்கலம்மா. நான் மறைச்சுக்கறேன். மெதுவா." ஏப்ரனைத் தூக்கித் திரை மாதிரி பிடித்தாள். "குனிஞ்சுக்கங்க. இன்னும் கொஞ்சம்."

ஏப்ரனுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் ஆனதோ. என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வளையல் அழுந்திக் காந்தியது. பிறகு அவள் எழுந்தாள். மூடிய கையை விரிப்பின்மேல் திறந்தாள். மென்று நசுங்காத வெள்ளை அரைக் குச்சி ஒன்று. அதைக் கேரட் தலைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள்.

அந்த அம்மா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அதை இவ்வளவு நேரம் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறார்.

"சபைல துப்பக்கூடாதுன்னு எங்கம்மா வளர்த்தாங்க," என்றார். "அப்புறம் ஒரேயடியா முழுங்கிடலாமான்னு யோசிச்சுட்டிருந்தேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "சுருள் நல்லாத்தாம்மா இருந்துச்சு. நடுவுல மட்டும் கொஞ்சம் வேகல."

இப்போது சிரிக்கலாமா என்று எல்லோரும் ஒருவாயைப் பார்த்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சுவரோரமாகப் போய், என் தோளில் சாய்ந்து நின்றாள். அந்த அம்மாவைப் பார்த்தபடி, "முழுங்கலாமான்னு யோசிச்சாங்களாம் அண்ணி," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மேலாளர் வந்து நன்றி சொன்னார். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அன்றோடு பயம் தெளிந்து தைரியசாலி ஆகிவிட்டாள் என்று சொன்னால் கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன். முன்னைவிட அதிகமாகப் பயந்தாள். குச்சியை அடியோடு விட்டுவிட்டாள். அடுத்த விடுமுறையிலிருந்து வெங்காயத்தாளை வெந்நீரில் போட்டெடுத்து, நூல் மாதிரி கிழித்துச் சுருளைக் கட்டுவது என்று ஆனது. முடிச்சுப் போடுவது தையல்காரர் வேலை. பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் வெட்டக் கூடாது என்று உத்தரவு. முடிச்சு போடும் நேரம் முழுக்க அவர் கத்தரி என் வீட்டு அலமாரியில் இருக்கும். அவர் விரல்கள் அது இல்லாமல் துடிக்கும். மேலாளரின் அம்மா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் வெங்காயத்தாள் சுருளைச் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் வண்டியில் நாங்கள் வீடு திரும்பினோம். தையல்காரர் முன்னறையில், பாதி தைத்த ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். குழந்தைகள் அலறியது, என் வீட்டுக்காரர் உதட்டில் ரத்தம், ஜோடி சேராத கேரட், அந்த அம்மாவின் கன்னம், ஒன்றையும் விடவில்லை. கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கண் கலங்கியது. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏதாவது சொல்லுங்க அண்ணா," என்றேன். வெட்கத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ம்," என்றார்.

செருப்புகூடப் போடாமல் ஆலைக்கு ஓடிய ஒருவாய் அழுக்குக் காலோடு அப்படியே அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவர் தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் ஒவ்வொரு ஊசியாகத் துப்பினார். கடைசி ஊசி விழுந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.